'அவள்' என்று எழுதிய தாய்முயல்

பரவை
3-8-2024

அண்ணனுக்கு,

கொட்டகையில் ஒரு தாய்முயல் குட்டி போட்டுவிட்டு, அதைத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறது. அதைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். வேறொன்றும் இல்லை.

போனில் கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். பெற்ற மகள் தமிழ்ச்செல்வியின் வளைகாப்பில் அம்புட்டுப் பேர் முன்னால் "இனிமே உங்க வாயோட என் வாய் பேசாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதனால் தீவனம் இறக்க வந்த விருமாண்டியிடமே கொடுத்து அனுப்புகிறேன். காலி மூட்டைகளோடு கடிதமும் உங்கள் கடைக்கு வந்து சேரும்.

முயலுக்கு உடம்பில் கோளாறு ஏதும் தெரியவில்லை. ஈனுவதற்கு முன்னால் ரோமம் பிடுங்கி மெத்தை போடவில்லை. ஈன்ற பிறகு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. தீவனம் வைத்தால் முகர்ந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. குட்டி கத்தினால் காதைக்கூட அசைப்பதில்லை. பிடித்துவைத்துக் குட்டியை மடியில் விட்டால் அதற்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. சில முயல் குட்டியைத் தின்றுவிடும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நினைப்பாகவே இருக்கிறது. கண் அசந்தால் என்ன ஆகுமோ என்று பக்கத்திலேயே கிடக்கிறேன்.

இந்தக் குணம் எதனால் வருகிறது? தாய்வழியில் வருவதா? சரியாகுமா, ஆகாதா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

தமிழ்ச்செல்வியும் பிள்ளையும் சுகம். உங்கள் பேரன் அப்படியே அவன் அப்பன் மருது ஜாடை. மூக்கு மட்டும் உங்களுடையது. என்ன செய்ய.

கனகலட்சுமி


கோரிப்பாளையம்
6-8-2024

கனகுக்கு,

பேசாவிட்டாலும் எழுதினாயே, அந்த மட்டுக்கும் சந்தோஷம். அண்ணி முத்துத்தாயிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "மூக்கப் பத்தி எழுதியிருக்கா, அப்ப கோவம் பாதி போயிருச்சு" என்றாள்.

நீ தொழில் கேட்டிருக்கிறாய், தொழிலாகவே சொல்கிறேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அவித்த முட்டை விற்றவன் இன்று பிரியாணிக் கடைகளுக்கு முயல்கறி போடுகிறேன் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். முயல் வளர்க்க வருகிறவன் எல்லாம் கிடா என்ன எடை என்று கேட்பான். நான் தாயைத்தான் பார்ப்பேன். ஈனுவதற்கு முன்னால் தன் வயிற்று ரோமத்தைத் தானே பிடுங்கி மெத்தை கட்டுகிறதா, குட்டியைப் பெட்டிக்குள் போடுகிறதா கம்பியில் சிதறுகிறதா, விடிகாலை குட்டிகளின் வயிறு புடைத்திருக்கிறதா ஒட்டிக் கிடக்கிறதா என்று பார்ப்பேன். எட்டுப் போட்டு மூன்றை வளர்க்கும் முயலை விட, ஆறு போட்டு ஆறையும் கரையேற்றும் முயல்தான் எனக்கு முயல். கறி எடை எல்லாம் தாய் கொடுக்கும் பாலில் இருக்கிறது.

நீ எழுதியிருப்பது நல்ல அடையாளம் இல்லை. அந்தக் குணம் வம்சத்தில் வரும். அதன் தாயையும் கவனித்துப் பார், ஏதாவது குறை இருந்திருக்கும். இரக்கப்பட்டு வைத்துக்கொண்டால் நாளைக்குக் கொட்டகை முழுக்க அந்தக் குணம்தான் நிற்கும். அப்படிப்பட்டதை வெட்டுக்கு ஒதுக்குவதற்கு எங்கள் தொழிலில் பெயர் கழிப்பு. யோசிக்காதே, விருமாண்டி வண்டியில் ஏற்றி அனுப்பிவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். குட்டியை வேறு தாயிடம் மாற்று. தாய் போனால் வேறு தாய் கிடைக்கும், நமக்குக் குட்டி முக்கியம்.

ஆவணி பிறந்ததும் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள நானும் முத்துத்தாயும் வாரோம். மருது குவைத்திலிருந்து புலம்புகிறான். வீடியோவில் எப்போது கூப்பிட்டாலும் பிள்ளையைக் காட்டுகிறாயாம், தமிழைக் கேட்டால் தூங்குகிறாள் என்கிறாயாம். பிள்ளை பெற்றவள் தூங்கட்டும். ஆனாலும் இம்புட்டுத் தூக்கமா?

பாண்டியராஜன்


பரவை
9-8-2024

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆவணியில் வர வேண்டாம். பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. புரட்டாசி போகட்டும், ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம். அண்ணியிடமும் சொல்லிவிடுங்கள். மருதுவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

முயலை ஏற்றி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன். ஒரே சொல்லில் கழிப்பு என்று எழுதிவிட்டீர்கள். இருபது வருஷமாக வெட்டுகிற கை, எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஈனுவதற்கு முந்தின நாள் வரை நன்றாகத்தான் இருந்தது. முருங்கைக்கீரை கேட்டுச் சாப்பிட்டது. சிரித்த முகம் அது. இந்த நோவு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

குட்டி இத்தனை நாளும் அவள் பால் இல்லாமல்தான் இருக்கிறது. நான்தான் ஊட்டுகிறேன். பழக்கம் விட்டுப்போயிற்று, பாதி வெளியே வழிகிறது.

நேற்று மதியம் நான் புல் அறுத்துக்கொண்டு வருவதற்குள் திறந்து வெளியே போய்விட்டது. தேடினால் கிணற்றுப் படியில் இருக்கிறது. நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நடையில் கம்பிவலை வேண்டும். கெட்டிக் கம்பியாக, அகலமானதாக அனுப்புங்கள். பத்தடிக்குக் குறையக் கூடாது. கதவுக்கு வெளியே போடும் கொக்கி இரண்டும் வேண்டும். தயவுசெய்து நீங்கள் வர வேண்டாம்.

கனகலட்சுமி


கோரிப்பாளையம்
11-8-2024

கனகு,

வலை அனுப்பியிருக்கிறேன், கொக்கியும் உள்ளே இருக்கிறது. முதலில் கிணற்றை மூடு. மூடிவிட்டு வந்து மீதியைப் படி.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். ஆனால் வாங்க வருகிறவன் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடித்துத்தான் இத்தனை வருஷம் பிழைத்தேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்தபோது கடையில் நிற்க முடியவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன்.

உன் கொட்டகை முயல் ஆறுக்குக் குறைந்து போட்டதில்லை. நீ இரண்டு கடிதத்திலும் 'குட்டி' என்று ஒன்றைத்தான் எழுதியிருக்கிறாய். தாய்ப்பால் இல்லாத முயல்குட்டி இரண்டு நாள் தாங்கும், மிஞ்சினால் மூன்று. உன்னுடையது இத்தனை நாள் இருக்கிறது. கிணற்றடிக்குப் போன முயலைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன் என்கிறாய். முயலுக்கு எது கை? கூண்டுக்கு யாரும் பத்தடி அகலத்தில் வலை கேட்க மாட்டார்கள். உன் வீட்டுக் கிணற்று வாய் எம்புட்டு அகலம் என்று எனக்குத் தெரியும், அதைத் தோண்டும்போது நான் நின்றிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, முயலை ஓர் இடத்தில் 'அவள்' என்று எழுதியிருக்கிறாய். வெட்டப்போகிற உருப்படியை எவனும் 'அவள்' என்று சொல்ல மாட்டான். நீ தெரியாமல் எழுதிவிட்டாய்.

விருமாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா வாசல்லயே மூட்டைய வாங்கிக்கிருது அண்ணே. தண்ணி கேட்டாக்கூட நானே கொண்டாரேன்னு உள்ள போயிருது. ரெண்டு நடைக்கு முன்னாடி பரவை மெடிக்கல்ல பால்பவுடர் டப்பா வாங்கியாரச் சொன்னுச்சு. முயலுக்குப் பால்பவுடரான்னு கேட்டேன், முறைச்சுச்சு" என்றான்.

கனகு, இது தமிழா?

தமிழ் என்றால், போன கடிதத்தில் நான் எழுதியது எதுவும் அவளுக்கு எழுதியது இல்லை. முதல் ஈத்தா என்று ஒரு வார்த்தை கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன். புதிதாக முயல் வளர்க்கிறவன் எவன் வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பேன். தலைஈத்தில் மிரண்டுபோன எத்தனையோ முயல் அடுத்த ஈத்தில் கொட்டகைக்கே தாயாக நின்றிருக்கிறது. உன்னிடம் மட்டும் கேட்காமல் விட்டேன்.

சுற்றி வளைக்காதே. நேராக எழுது. விருமாண்டி காத்திருப்பான், எழுதி வாங்காமல் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பாண்டியராஜன்


பரவை
அன்றே

அண்ணே,

தமிழ்தான்.

விருமாண்டி வாசலில் நிற்கிறான். எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. பிள்ளை பிறந்து ஐந்தாறு நாள் வரை அழுதுகொண்டே இருந்தாள். எல்லாரும் அழுவதுதான் என்று இருந்தேன். பிறகு அழுகை நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று. தலை வாருவதில்லை, தூங்குவதே இல்லை. மருதுவிடம் தூங்குகிறாள் என்று நான் சொன்ன நேரமெல்லாம் முழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கொண்டுபோனால், "அம்மா, இவன என் பக்கத்துல போடாத. என் கையை நெனச்சா எனக்கே பயமா இருக்கு" என்கிறாள். அரிவாள்மனையை எடுத்துத் தவிட்டு மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். என் பிள்ளைக்குப் பயந்து அரிவாள்மனையை ஒளித்துவைக்கிற நிலைமை வந்துவிட்டது அண்ணே.

வீட்டில் ஆம்பளை இல்லை. அவர் போய் நாலு வருஷமாகிறது. யாரிடம் சொல்வேன்? ஊரில் சொன்னால் பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூட்டிவருவார்கள். உங்களிடம் சொல்லலாம் என்றால் வளைகாப்பில் நீங்கள் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. "மருமகள நான் சும்மா எடுக்கல. தாய்முயல் பொறுக்குற மாதிரி, தாயைப் பாத்து, தாயோட தாயைப் பாத்துப் பொறுக்கி எடுத்திருக்கேன்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். "எம்புள்ள என்ன உங்க கூண்டு முயலா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். கடைசியில் என் பிள்ளையை நானே முயலாக்கி எழுதினேன். முயல் என்று எழுதினால் நீங்கள் என்ன முடிவு சொல்வீர்கள் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் எழுதினேன். தெரிந்துகொண்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மறைக்க மாட்டேன். உங்கள் கடிதத்தை அவள் படித்துவிட்டாள். தீவன மூட்டைக்கு மேலே வைத்திருந்தேன். நான் எதைப்பற்றி எழுதியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா? சாயங்காலம் பார்த்தால் இரண்டு சேலையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கே போகிறாய் என்றேன். "விருமாண்டி அண்ணன் வண்டி எப்பம்மா வரும்? மாமா என்னை ஏத்தி அனுப்பச் சொல்லியிருக்காருல்ல" என்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறவள் கேட்கிற மாதிரி கேட்டாள். மறுநாள்தான் கிணற்றுப் படி.

என் வயிற்றிலிருந்துதான் இந்தக் குணம் வந்தது என்றால் என்னை ஏற்றி அனுப்புங்கள். அவளை விட்டுவிடுங்கள்.

கனகு


கோரிப்பாளையம்
அன்றே, சாயங்காலம்

கனகு,

விருமாண்டி வண்டி மறுபடி பரவைக்கு வருவதற்குள் நான் காரை எடுத்திருப்பேன், ஆனாலும் முன்னால் இந்தக் காகிதம் வரட்டும் என்று பக்கத்துக்கடைப் பையனிடம் பைக்கில் கொடுத்து அனுப்புகிறேன். நான் திடீரென்று வாசலில் வந்து நின்றால் அவள் என்ன நினைப்பாள் என்று பயமாக இருக்கிறது. என்னைப் பார்த்து ஒருத்தி பயப்படுவாள் என்று நான் இதுவரை பயந்ததில்லை.

அவளைத் தனியாக விடாதே, குளிக்கும்போதும் விடாதே. பிள்ளையை நீ வைத்துக்கொள். முத்துத்தாயும் வாரா. ஆஸ்பத்திரியில் இதைப் பார்க்கிற டாக்டரம்மா யார் என்று விசாரித்துவிட்டேன், காலையில் போகிறோம். காரில் நீ பின்னால் உட்கார்ந்துகொள். என்னோடு நீ பேச வேண்டியதில்லை. உன் சத்தியம் உன்னோடு இருக்கட்டும்.

கீழே இருப்பதைத் தமிழிடம் சத்தமாகப் படித்துக் காட்டு.

ஆத்தா தமிழு, மாமா எழுதுறேன். வண்டி வருது. விருமாண்டி வண்டி இல்ல, மாமாவே வாரேன். உன்னை எங்கயும் விடுறதுக்கு இல்ல, உனக்கு வைத்தியம் பாக்க. உன்னையும் முயலையும் ஒண்ணாச் சேத்துப் பேசுனது என் வாய்க்கொழுப்பு. அந்தச் சேலைப் பைய அப்படியே வையி, ஆஸ்பத்திரிக்கு வேணும்.

பாண்டியராஜன்


பரவை
30-8-2024

அண்ணனுக்கு,

நேரில் நின்றும் பேசாமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்.

டாக்டரம்மா சொன்னதை இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிள்ளை பெற்ற சிலருக்கு வருகிற நோய் இது, அவள் செய்த தப்பும் இல்லை, வளர்த்த தப்பும் இல்லை, மருந்து இருக்கிறது, நாளாகும் என்றார்கள். நீங்கள் உடனே "எம்புட்டு நாள்ம்மா, உறுதி உண்டுமா?" என்றீர்கள். "உறுதி கேட்டு வாங்கிட்டுப் போக இது சந்தை இல்லீங்க" என்று அந்தம்மா சொன்னபோது அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது தூங்குகிறாள். நிஜமாகத் தூங்குகிறாள். மருதுவிடம் இரண்டு வார்த்தை பேசினாள். முந்தாநாள் பிள்ளை விக்கியபோது தலையைத் திருப்பினாள். தூக்கவில்லை. ஆனாலும் திருப்பினாள்.

அண்ணே, எனக்குப் பயம் விடவில்லை. வார்டு வராந்தாவில் நீங்களும் அண்ணியும் பேசியது என் காதில் விழுந்தது. "குணமாகுற வரைக்கும் பிள்ளைய நம்ம வீட்டுக்குக் கொண்டு போயிருவோமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அண்ணி பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்கள். குட்டியை வேறு தாயிடம் மாற்று என்று எழுதியவர்தானே நீங்கள். நல்லதுக்குத்தான் கேட்டிருப்பீர்கள். ஆனால் இன்றைக்குப் பிள்ளை கோரிப்பாளையம் போனால் இந்த நோவை விட்டு அவள் திரும்பி வரமாட்டாள். கிணற்றுக்குப் போய்விடுவாள் என்று சொல்லவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதாக விருமாண்டி சொன்னான். எதற்கு வருகிறீர்கள்? பிள்ளையைக் கேட்கவா? கேட்பதானால் என்னிடம் கேட்க வேண்டாம், என் வாய் பேசாது. தமிழிடம் கேளுங்கள். அவள் சொல்வதற்கு நான் கட்டுப்படுகிறேன். நீங்களும் கட்டுப்பட வேண்டும்.

கனகலட்சுமி


கோரிப்பாளையம்
2-9-2024

கனகுக்கு,

நேற்று நீ அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே தமிழும் நானும் பேசி முடித்ததை எழுத்தில் வைக்கிறேன். வாயால் முடித்த பேச்சு பின்னால் வழக்காகும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன், பிள்ளையைக் கேட்கத்தான் வந்தேன். இரக்கமில்லாமல் இல்லை, பயத்தில்தான். கடையில் நிற்கிறேன், போன் அடித்தால் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். பிள்ளை என் வீட்டில் இருந்தால் பாதிப் பயமாவது குறையுமே என்று கணக்குப் போட்டேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு, அந்தக் கணக்கில் என் பயத்துக்குத்தான் இடம் இருந்தது, அவள் பயத்துக்கு இல்லை என்று தெரிந்தது.

அவளாகத்தான் ஆரம்பித்தாள். "மாமா, பிள்ளைய எடுத்துட்டுப் போக வந்திருக்கீகளா?" நீ என்ன சொல்கிறாய் என்றேன். பிள்ளை கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் வியாபாரத்தில் பார்க்காத பேரமில்லை. இப்படி மெதுவாக, இம்மியும் விட்டுக்கொடுக்காமல் பேசிய ஆளைப் பார்த்ததில்லை. உன் மகள்தான்.

முடித்தது இதுதான். டாக்டரம்மா போதும் என்கிற வரைக்கும் அவள் உன் வீட்டில்தான் இருப்பாள். ஆவணி, ஐப்பசி என்று நான் நாள் குறிக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் என் கார் வரும், நானே ஓட்டுவேன். முத்துத்தாய் நாளைக்குப் பெட்டியோடு உன் வீட்டுக்கு வாரா, ராத்திரிப் பாலை அவள் பார்த்துக்கொள்வாள், நீ தூங்கு. மருதுவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், லீவு கேட்டிருக்கிறான். கிணற்று வலையை எடுக்கக் கூடாது. அதை அவளே சொன்னாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைகாப்பில் சிரித்தவர்கள் முன்னால் நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது முத்துத்தாய் வாசலில் நின்றபடி சேர்த்தது. அதற்கும் சரி என்றேன். நீ என்னோடு பேசுவதும் பேசாததும் இந்தப் பேச்சில் சேரவில்லை.

கடைசியாக ஒன்று. "மாமா, அவன என்கிட்டத் தனியா விட்டுறாதீக. என்னை விட்டுத் தூரமாவும் கொண்டு போயிறாதீக" என்றாள். வியாபாரி புத்தி, அளவு கேட்காமல் இருக்குமா? தூரம்னா எம்புட்டுத் தூரம் ஆத்தா என்றேன்.

"அவன் அழுதா எனக்குக் கேக்கணும்" என்றாள்.

அந்தத் தூரத்துக்கு ஒத்துக்கொண்டேன்.

பாண்டியராஜன்